மூக்கண்டப்பள்ளியில் எண்பத்தெட்டாம் சங்கீதம்

"நீ ஜெபம் பண்ண வேண்டாம்க்கா. கிளம்பி வா."

என் தம்பி சாமு போனில் சொன்னது இவ்வளவுதான். காலையில் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் படிக்காமல் காபி குடிக்காத குடும்பம் எங்களுடையது. அவன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததும், பிசைந்துகொண்டிருந்த மாவோடு கை அப்படியே நின்றுவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறேன். ஒரு வாரம் என் பன்னைத் தின்னாவிட்டால் யாரும் இளைத்துவிட மாட்டார்கள் என்று ஷட்டரை இழுத்துவிட்டு, அன்றே ஓசூருக்குப் பஸ் ஏறினேன்.

விஷயம் இதுதான். சாமுவின் மனைவி கலாவுக்கு ஏழாம் மாதமே வலி வந்துவிட்டது. ஓசூரில் பார்த்த டாக்டர் கையை விரித்து, எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. பிறந்ததிலிருந்து வாயில் குழாய். மெஷின்தான் அவளுக்காக மூச்சு விடுகிறது. ஒருமுறை குழாயை எடுத்துப் பார்த்தார்கள். தாங்கவில்லை. மறுபடி வைத்துவிட்டார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வந்த பிள்ளை.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தினம் காலையில் ஒரு சங்கீதம், வரிசையாக. நூற்றைம்பதும் முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. பிடித்ததைப் பொறுக்கக் கூடாது, பிடிக்காததைத் தள்ளக் கூடாது. சாமு வேலைக்கு ஓசூர் போன பிறகும் நான் அங்கே, அவன் இங்கே, ஒரே நாளில் ஒரே சங்கீதத்தைத்தான் படிப்போம். ஷிப்ட் மாறும், சங்கீதம் மாறாது. நூற்றுப்பத்தொன்பது வருகிற நாளில் மட்டும், "இன்னைக்கு எனக்குக் கம்பெனி பஸ் போச்சுக்கா" என்று போனில் அலறுவான். அத்தனை நீளம் அது. அப்படிப்பட்டவன், பிள்ளை பிறந்த நாளிலிருந்து வேதப் புத்தகத்தைத் தொடவில்லை.

விடியற்காலையில் ஓசூரில் இறங்கியதும் குளிர் காதைப் பிடித்துத் திருகியது. எங்கள் ஊரில் மார்கழியிலும் விசிறி ஓடும். இங்கே பஸ் ஸ்டாண்டில் டீ விற்கிறவர் குல்லா, மப்ளர், ஸ்வெட்டர் எல்லாம் போட்டுக்கொண்டு, கண் மட்டும் தெரிய நின்றார். என்னிடம் தமிழில் காசு கேட்டார், அடுத்தவரிடம் கன்னடத்தில் சில்லறை கொடுத்தார், பின்னால் நின்ற மனைவியைத் தெலுங்கில் திட்டினார். மூன்றுக்கும் ஒரே முகம். எங்கள் பக்கம் புது ஆளைக் கண்டால், "யார் வீட்டுப் பிள்ளை?" என்பார்கள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டது, "எந்தக் கம்பெனிக்கு வந்திருக்கீங்க?"

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் இருப்பது, வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்று. ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முகிறார்கள். தூங்குகிற வீடும் சமைக்கிற வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, எல்லாம் ஷிப்ட் செய்கிற வேலை. சாமு வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், பத்து வயது கூடியவன் போல் இருந்தான்.

"ஏல, என்னல இது கோலம்?"

"வந்துட்டேல்லா. போதும்க்கா" என்றான். எழுந்து என் பையை வாங்கினான். அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். பால் பாக்கெட் வாங்கப் போன ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்.

கலா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். கல்லாவி என்கிற ஊர்ப் பக்கத்துப் பெண். அவள் வீட்டில் எல்லாரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். இவள் சாமுவோடு சர்ச்சுக்கும் வருவாள், ஊருக்குப் போனால் கோயிலுக்கும் போவாள். அவள் அப்பா படுத்த படுக்கை, அதனால் அம்மாவால் வர முடியவில்லை. கேழ்வரகு மாவு மட்டும் மூட்டையாக வந்திருந்தது. "அண்ணி, நீங்க வந்ததே தெம்பா இருக்குதுங்க" என்றாள். நான் முகம் கழுவி, புத்தகத்தைத் திறந்து அன்றைக்கு உரிய எண்பத்தைந்தைப் படித்தேன். கலா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கேட்டாள். சாமு வெளியே போய் மறுபடி படியில் உட்கார்ந்துகொண்டான், எங்களுக்கு முதுகைக் காட்டி.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எல்லை தாண்டுகிறோம் என்று எனக்கு உள்ளூர ஒரு பரபரப்பு. ஒன்றுமே இல்லை. அதே லாரி, அதே புழுதி. கடைப் பலகைகளில் எழுத்து மட்டும் உருண்டையாக மாறியது. "இவ்வளவுதானா வேற ஸ்டேட்?" என்று கேட்டேன். "இவ்வளவுதான்க்கா. ஆனா ஆஸ்பத்திரியில கன்னடச் சீட்டுல எந்த எடத்துல பேரு எழுதணும்னு தெரியாம முழிப்போம் பாரு, அப்பத் தெரியும்" என்றான் சாமு. வந்ததிலிருந்து அவன் சொன்ன முதல் நீளமான வாக்கியம் அது.

குழந்தைகள் பிரிவுக்குள் அப்பா அம்மாவைத் தவிர யாரையும் விடுவதில்லை. தமிழும் பேசத் தெரிந்த சுமா என்ற கன்னடத்து நர்ஸ், நான் அத்தனை தூரத்திலிருந்து வந்தது தெரிந்ததும் பெரிய சிஸ்டரிடம் ஏதோ கெஞ்சினாள். "ஒரே ஒரு தரம், அதுவும் சீக்கிரம்" என்று பெரிய சிஸ்டர் கன்னடத்தில் சொன்னதாகச் சாமு சொன்னான். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். தொப்பி, அங்கி, மாஸ்க். உள்ளே போனேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் என் மருமகள் கிடந்தாள்.

எப்படிச் சொல்வேன்? என் கடையில் சுடுகிற பன்னைவிடக் கொஞ்சம் பெரிய தலை. தோல் அத்தனை மெல்லிசு. உள்ளே ஓடுகிற நரம்பு பச்சையாகத் தெரிந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக. இடது பக்கம் நெஞ்சில் துடிப்பு வெளியிலேயே தெரிகிறது, ஒரு மிளகு அளவு இடம் ஏறி ஏறி இறங்குகிறது. விரலில் நகம் இருந்தது. அந்த நகத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

வரிசைப்படி வருவதற்கு இன்னும் எத்தனையோ நாள் கிடக்கிறது, ஆனாலும் நூற்றுமுப்பத்தொன்பதாம் சங்கீதம் தானாக நினைவுக்கு வந்தது. தாயின் வயிற்றுக்குள் என்னை நெய்தவர் நீர், நான் இன்னும் ஒரு உருவமாகாமல் இருந்தபோதே உம் கண் என்னைப் பார்த்தது என்று ஒருவன் பிரமித்துப் பாடுகிற இடம். சின்ன வயதிலிருந்து அதை எத்தனையோ தரம் படித்திருக்கிறேன். பாட்டு நல்லாயிருக்கிறது என்று நினைத்து அடுத்த பக்கம் போயிருக்கிறேன். அது வர்ணனை இல்லை, நடக்கிற வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடவுள் மட்டும் பார்க்க வேண்டிய ஒன்றை, வேலை முடியுமுன் நான் எட்டிப் பார்த்துவிட்டேன். அவர் கை இன்னும் உள்ளே இருப்பது போல் தோன்றியது. பயத்தில் ஓரடி பின்னால் தள்ளி நின்றேன்.

சாமு குழந்தையைப் பார்க்கவில்லை, மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு கம்பெனியில் கார் பாகங்கள் கடைகிற மெஷின் ஓட்டுகிறவன். "எனக்கு மெஷின் புரியும்க்கா. சத்தத்த வச்சே சொல்லிருவேன். இது நல்லாத்தான் ஓடுது" என்றான். 

மறுநாள் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கலா வீட்டில் பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள். அதை ஐஸ் வைத்த டப்பாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஊட்டுவார்களாம். சாமு ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். எண்பத்தாறை வேகமாகப் படித்தேன். 'காதைச் சாய்த்துக் கேளும்' என்று ஆரம்பிக்கிற சங்கீதம் அது. படித்துவிட்டு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். ஒரு வெள்ளை பஸ் வந்து நின்றது, பெண்கள் ஏறினார்கள், நானும் ஏறினேன்.

டிக்கெட் கேட்க யாரும் வரவில்லை. கர்நாடகா ரொம்ப நல்ல ஊர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரே நிறத்தில் சட்டை, கழுத்தில் அட்டை. ஏறின வேகத்தில் முக்கால்வாசிப் பேர் தூங்கிவிட்டார்கள். ஒருத்தியின் தலை என் தோளிலேயே விழுந்தது. விடியுமுன் எழுந்து, இரவில் தாமதமாகப் படுத்து, கவலையோடு சாப்பாட்டைத் தின்பது வீண். அவர் தமக்குப் பிரியமானவர்களுக்குத் தூக்கத்தைக் கொடுக்கிறார் என்று சங்கீதத்தில் ஓரிடம் உண்டு. முழித்திருந்த இன்னொரு பெண்ணிடம் அதைச் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்குதுக்கா. எங்க லைன் சூப்பர்வைசர்கிட்ட ஒருக்கா வந்து சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

"சொல்லிருவோம். இந்த பஸ் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குமா தாயி?"

அவள் என் கழுத்தைப் பார்த்தாள். அட்டை இல்லை. "அய்யய்யோ! அக்கா, இது கம்பெனி பஸ்ஸு! எதுல ஏறியிருக்கீங்க நீங்க?"

 ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. "ஏம்மா, இதுல பால் இருக்கு. மெஷின்ல கெடக்க பிள்ளைக்குத் தாய்ப்பால்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. தூங்கினவர்கள் ஒவ்வொருத்தியாக முழித்தார்கள். பால் என்ற ஒரு வார்த்தைக்கு அந்த பஸ்ஸே எழுந்தது. "டிரைவரண்ணா, நிறுத்துங்க!" என்று முன்னாலிருந்து ஒரு குரல். நடு ரோட்டில் நிறுத்தக் கூடாதாம், லேட் ஆனால் அவருக்கு மெமோவாம். "மெமோ வந்தா நாங்க அத்தன பேரும் கையெழுத்துப் போடறோம், நிறுத்துங்கண்ணா" என்றாள் என் தோளில் தூங்கினவள். பாலத்துக்குக் கீழே நிறுத்தினார். இரண்டு பெண்கள் இறங்கி, ஒரு ஆட்டோவை மறித்து, கன்னடத்தில் பேரம் பேசி என்னை ஏற்றிவிட்டுத் திரும்ப ஓடினார்கள். "பாப்பா பேரென்னக்கா?" என்று பஸ் ஜன்னலிலிருந்து கேட்டாள் ஒருத்தி. பேர் இன்னும் வைக்கவில்லை என்று கத்தினேன். காதைச் சாய்த்துக் கேளும் என்று காலையில்தான் படித்துவிட்டு வந்தேன். இத்தனை காதுகளா என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் எண்பத்தேழு. சின்ன சங்கீதம். பல நாட்டுக்காரர்களையும் பேர் சொல்லி எண்ணி, இவனும் இங்கே பிறந்தவன்தான் என்று கடவுள் எழுதிக்கொள்கிறதாக வரும். கலா கேட்டாள், "அப்ப எம் பொண்ணு எந்த ஊருங்க அண்ணி? நான் கல்லாவி, அவரு தூத்துக்குடி, இவ பொறந்தது கர்நாடகா, வாடக கட்டறது மூக்கண்டப்பள்ளில."  வீட்டுக்காரம்மா முனியம்மா அதற்குள் வாசலில் வந்து நின்றுவிட்டாள். பாகலூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். தமிழில் தொடங்குகிற வாக்கியம் கன்னடத்தில்தான் முடியும். "எந்த ஊரா இருந்தா என்ன, என் வூட்டு வாசப்படியில கால வெச்சா அவ என் வூட்டுக் கூசு" என்றாள். கூசு என்றால் குழந்தை. ஒரு குண்டான் நிறையக் களி கிளறிக் கொண்டுவந்திருந்தாள், கூடவே அவரைக்கொட்டைக் குழம்பு. களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்றாள். நான் மென்று மென்று மாட்டிக்கொண்டதைப் பார்த்துக் கலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் வலிக்குதே என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை. டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். குழந்தையின் ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது. மருந்தை மாற்றியிருக்கிறோம். மருந்தைக் கேட்டால் சரி, கேட்காவிட்டால் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் தெரியும்.

சர்ச்சு ஜனங்களுக்குச் செய்தி போயிற்று. சாமுவின் போனில் வசனங்களாக வந்து விழுந்தன. எல்லாம் ரோஜாப்பூப் படத்தின் மேல். மேய்ப்பன், புல்வெளி, கேடகம், நிழல். சாமு ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

நாலாம் நாள் காலை புத்தகத்தைத் திறந்தேன். எண்பத்தெட்டு.  நூற்றைம்பதில் அந்த ஒன்று என்னவென்று எனக்குத் தெரியும். குழி, சாவு, இருட்டு. எங்கள் ஜனங்கள் ராகுகாலம் பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் பிள்ளை பெற்றவள் வீட்டில், நோயாளி வீட்டில், பிரயாணம் கிளம்புகிற அன்றைக்கு அந்தச் சங்கீதம் வந்தால் பக்கத்தை மெல்லப் புரட்டிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாயால் சொன்னால் நடந்துவிடுமோ என்ற பயம்தான். நானும் புரட்டினேன். எண்பத்தொன்பதை எடுத்து, கிருபையை என்றைக்கும் பாடுவேன் என்று தொடங்குகிறதை, வழக்கத்தைவிடச் சத்தமாக, தெம்பாகப் படித்தேன்.

படியில் உட்கார்ந்திருந்த முதுகு திரும்பியது. சாமு உள்ளே வந்தான்.

"எண்பத்தெட்டு எங்கக்கா?"

 "அது... இன்னைக்கு வேண்டாம்ல. பச்ச உடம்புக்காரி முன்னால..."

"நாலு நாளா அந்த ஒண்ணுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். வரிசையில அது வருதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? அத விட்டுட்டு எனக்கு வேற எத வாசிக்கச் சொல்லுத? கிருபையையா?" கத்தினான். பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிற ஆளுக்குக் கேட்டிருக்கும். "கொண்டா."

புத்தகத்தைப் பிடுங்கினான். நின்றபடியே படித்தான். ராத்திரியும் பகலும் உம்மிடம் கத்திக்கொண்டிருக்கிறேன். என் உயிர் குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. செத்துப்போனவர்களா எழுந்து உம்மைப் பாடப் போகிறார்கள்? ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்? என்னைச் சேர்ந்தவர்களையெல்லாம் தூர விலக்கிவிட்டீர். எனக்கு மிச்சம் இருட்டு. இந்த அர்த்தத்தில் வருகிற வரிகளை அவன் படிக்கவில்லை, கேட்டான். மேலே பார்த்து, ஒரு ஆளிடம் நியாயம் கேட்கிற மாதிரி கேட்டான். குரல் உடைந்தது, நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டான்.

மற்றச் சங்கீதங்கள் எவ்வளவு புலம்பினாலும் கடைசியில் ஒரு திருப்பம் இருக்கும். ஆனாலும் உம்மை நம்புவேன் என்று எங்கேயாவது ஒரு வரி கிடைக்கும். இதில் இல்லை. இருட்டு என்ற இடத்தில் முடிந்துவிடுகிறது. சாமு முடித்துவிட்டு நின்றான். ஆமென் சொல்லவில்லை.

"முடிஞ்சிருச்சாங்க?" என்றாள் கலா.

"முடிஞ்சிருச்சு."

"இது சாமிகிட்ட சண்ட போடற மாதிரில்ல இருக்குது?"

"சண்டதான்" என்றான் சாமு. "எவனோ ஒருத்தன் சண்ட போட்டிருக்கான். கடைசி வரைக்கும் சமாதானம் ஆகல. அதையும் பைபிள்ல வச்சிருக்காங்க பாரு."

கலா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப நானும் கேக்கலாமில்லீங்க?" என்றவள், எங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எட்டு வருசம் குடுக்காம இருந்த, நான் ஒண்ணும் கேக்கல. குடுத்தியே, எதுக்குக் குடுத்த? ஊசி குத்த எடமில்லாம குத்தறாங்க, பாத்துக்கிட்டுத்தான இருக்கற? எனக்கு அவ வேணும். கேட்டுச்சா? எனக்கு அவ வேணும்!" என்றாள். கையை நீட்டிக்கொண்டு சொன்னாள். அவள் அழுததை இத்தனை நாளில் நான் பார்க்கவே இல்லை, அன்றைக்கு அழுதாள்.

வாசலில் முனியம்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் கருகப்பிலைக் கொத்தோடு. "கேளு கண்ணு, கேளு" என்றாள். "எங்கூட்டுக்காரரு லாரியில அடிபட்டுக் கெடந்தப்ப மாரியம்மா முன்னால போயி, உனக்குக் கண்ணு இருக்குதா இல்லியாடி, நீ வெறுங் கல்லான்னு கேட்டவ நானு. கேக்காம பின்ன? நம்பளவங்ககிட்டதான கோவம் வரும்?"

நான் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன்.  கடவுள் முன்னால் மரியாதையாகப் பேச வேண்டும், கண்ணை மூடி, நல்ல வார்த்தையாகப் பொறுக்கி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றே இத்தனை காலம் நடந்துகொண்டேன். சங்கீதம் எழுதினவர்கள் அப்படி நடந்துகொள்ளவில்லை. அரிசி விலையிலிருந்து அண்டைவீட்டுக்காரன் பேசின பேச்சு வரைக்கும், பழி வாங்க ஆசை, தூக்கம் வராத ராத்திரி, எல்லாவற்றையும் அவர் காதில் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு பேச்சையும் வாங்கிக்கொண்டு, திட்டியதையும் வேதமாக வைத்துக்கொள்கிற ஒருவர் எவ்வளவு பெரியவராக இருக்க வேண்டும்! அந்த ஒற்றை அறை வீட்டில், கேஸ் அடுப்புக்கும் பீரோவுக்கும் நடுவில், அவர் நிற்கிறார் என்று எனக்குப் பட்டது. நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.

சாமு முகம் கழுவிவிட்டு வந்தான். சட்டை மாட்டினான். "கலா, பால எடு. போவோம்" என்றான். என்னிடம், "நீ எண்பத்தொம்போத நாளைக்குத் திரும்பப் படிச்சிரணும். வரிசையக் கெடுக்காத" என்றான். அடப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் எண்பத்தொன்பதை மூவரும் சேர்ந்து படித்தோம். குழந்தை அப்படியே இருந்தாள், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அதற்கு மறுநாள் டாக்டர் கிருமி இறங்கத் தொடங்கியிருக்கிறது என்றார். முகத்தில் சிரிப்பு கிரிப்பு ஒன்றும் காட்டவில்லை. அடுத்த நாள் காலை சாமுவையும் கலாவையும் கூப்பிட்டு, "இன்றைக்குக் குழாயை எடுத்துப் பார்க்கிறோம். தானாக மூச்சு விட்டால் சரி. போன தடவை மாதிரி ஆனால் மறுபடி வைப்பது கஷ்டம், தாங்க மாட்டாள். நீங்கள் இருவரும் உள்ளே இருங்கள்" என்றார். அவர் ஆங்கிலமும் கன்னடமுமாகச் சொன்னதைச் சாமு எனக்குத் தமிழில் சொன்னான். சொல்லி முடிக்குமுன் அவன் வாய் கோணிவிட்டது.

அவர்கள் கை கழுவப் போனார்கள். நானும், அன்றைக்கு எங்களோடு வந்திருந்த முனியம்மாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் வாய்க்குள் அவளுடைய அம்மனோடு என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த நூற்றைம்பதில் ஒரு வரிகூட வரவில்லை. "ஆண்டவரே, அவள விட்டுரும். எங்களுக்கு வேணும்" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நல்ல வார்த்தை ஒன்றும் பொறுக்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒருமுறை யாரோ வேகமாக நடக்கிற செருப்புச் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. முனியம்மா என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. எழுந்துபோய்க் கதவில் காதை வைத்தேன். செக்யூரிட்டி பார்த்துவிட்டு, கொஞ்சம் விலகி இடம் விட்டார்.

கதவு திறந்தது. சுமா ஒரு காலால் கதவைப் பிடித்துக்கொண்டு, மாஸ்க்கைக் கீழே இழுத்து, "கேளுங்க, கேளுங்க" என்றாள்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ஊதின பலூன் வாயை இறுக்கிப் பிடித்துக் காற்றை விட்டால் வருமே, அவ்வளவுதான். விட்டு விட்டு வந்தது. கோபமாக வந்தது.

"பாப்பாதான்" என்றாள் சுமா. "குழாய் தொண்டைக்குள்ள இருந்தா, எவ்வளவு அழுதாலும் சத்தம் வராது. தினமும் அழுதா. வாய் மட்டும்தான் திறக்கும்."

தினமும் அழுதிருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கலா, "அம்மா இங்கதான் இருக்கறேன் சாமி, அழாத, அழாத" என்று சொல்வது கேட்டது. அதற்கு மேலாகச் சாமுவின் குரல், அவளைத் தடுத்து.

"அழட்டும் விடு. கத்துடி என் தங்கம். நல்லாக் கத்து, அவருக்குக் கேக்கட்டும்."